யார் இந்த ‘டைபாய்டு மேரி’? ஒரு சமையல்காரப் பெண் நோயின் முகமாக மாறியது எப்படி?

டைபாய்டு எப்படி வருகிறது? சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியாவால். மலக்கழிவு கலந்த தண்ணீர், கழுவாத கை, அந்தக் கை பட்ட சாப்பாடு என்று இது பரவுகிறது. ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க்கில் டைபாய்டு என்றதும் பலருக்கு ஞாபகம் வந்தது பாக்டீரியா இல்லை, ஒரு பெண்.

அவர் பெயர் மேரி மலன். 1869-ல் அயர்லாந்தின் குக்ஸ்டவுனில் பிறந்தவர். டீன் ஏஜிலேயே பிழைப்பு தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கைப்பக்குவம் நன்றாக இருந்ததால் நியூயார்க் பணக்காரர்களின் வீடுகளில் சமையல் வேலை கிடைத்தது. வீட்டு வேலைகளிலேயே அதற்குத்தான் நல்ல சம்பளம்.

1906 கோடையில் லாங் ஐலண்டின் ஆய்ஸ்டர் பே பகுதியில், ஒரு வங்கி அதிபர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. ஊரே அதிர்ந்தது. காரணம், டைபாய்டு என்றால் அழுக்கு, நெரிசல், ஏழைகளின் குடியிருப்பு என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். பங்களாவில் எப்படி? இனி யாரும் வாடகைக்கு வரமாட்டார்களே என்று பயந்த வீட்டு உரிமையாளர், ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதார இன்ஜினியரை வரவழைத்தார்.

தண்ணீர், பால் எல்லாவற்றையும் பார்த்த சோப்பரின் சந்தேகம் கடைசியில் சமையல்காரர் மீது விழுந்தது. மேரி அதற்கு முன் வேலை பார்த்த வீடுகளை விசாரித்தால், பெரும்பாலானவற்றில் டைபாய்டு வந்திருந்தது. கொதிக்கும் குழம்பில் கிருமி செத்துவிடும், சரி. ஆனால் மேரியின் ஸ்பெஷல், பச்சையாக நறுக்கிய பீச் பழம் போட்ட ஐஸ்கிரீம். அதில்தான் கிருமி போயிருக்கும் என்பது சோப்பரின் கணிப்பு.

சோப்பர் நேராக மேரியின் சமையலறைக்கே போய், ரத்தம், சிறுநீர், மலம் சாம்பிள் கேட்டார். நோயே இல்லாத ஒருவரிடம் முன்பின் தெரியாத ஆள் வந்து இப்படிக் கேட்டால்? இறைச்சி வெட்டும் பெரிய முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார் மேரி. 1907-ல் டாக்டர் ஜோசபின் பேக்கர் போலீசோடு வந்து, மணிக்கணக்கில் தேடிப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். நார்த் பிரதர் என்ற தீவில் மேரி தனியாக அடைக்கப்பட்டார். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை.

பெயர் வந்த கதை

நோய் அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு என்பது டாக்டர்களுக்கே அப்போது புதுசு. அந்தப் புது விஷயத்தை மக்களுக்கு எப்படிச் சொன்னார்கள் என்பதில்தான் பிரச்னை. ‘டைபாய்டு மேரி’ என்ற பெயர் 1908-ல் மருத்துவர்களின் விவாதத்தில் எட்டிப்பார்த்தது. 1909 ஜூனில் ‘நியூயார்க் அமெரிக்கன்’ பத்திரிகை அதைப் பெரிதாகப் போட்டது. கூடவே ஒரு படம்: அடுப்படியில் நிற்கும் பெண், வாணலிக்குள் மண்டை ஓடுகளைப் போடுகிறார்!

அந்தப் படத்தில் சாக்கடையும் இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை. கிருமிக்குப் பதில் ஒரு ஐரிஷ் வேலைக்காரி. டைபாய்டிலிருந்து மீண்டவர்களில் நூற்றுக்குச் சிலர் இப்படிக் கிருமியைச் சுமப்பார்கள், அதாவது ஊரில் இன்னும் பலர் இருப்பார்கள் என்ற முக்கியமான சேதி அந்தப் பெயருக்குள் காணாமலே போனது.

மேரி கோர்ட்டுக்குப் போனார். அரசு லேப் முடிவுகள் பெரும்பாலும் பாசிட்டிவ். அவரே தனியார் லேபுக்கு அனுப்பிய சாம்பிள்கள் நெகட்டிவ். கிருமி விட்டுவிட்டு வெளியேறும் என்பதால் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் மேரிக்கு, தன்மீது பழி போடுகிறார்கள் என்ற எண்ணம் இன்னும் உறுதியானது. வழக்கும் தோற்றது. இனி சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1910-ல் விடுவித்தார்கள். துணி துவைக்கும் வேலைதான் கிடைத்தது, சம்பளமோ ரொம்பக் குறைவு.

1915-ல் நியூயார்க்கின் ஸ்லோன் மகளிர் மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு. 2 பேர் இறந்தார்கள். அங்கே மேரி பிரவுன் என்ற பெயரில் சமைத்துக்கொண்டிருந்தவர் மேரி மலன்தான். இந்தத் தவறுக்குச் சாக்கு சொல்ல முடியாது. அதுவரை கொஞ்சம் பரிதாபம் காட்டிய பத்திரிகைகளும் இப்போது குற்றவாளியாகவே எழுதின. மீண்டும் அதே தீவு.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

மேரியால் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டவர்கள் சுமார் 50 பேர், இறந்தவர்கள் 3 பேர். அதே காலத்தில் டோனி லபெல்லா என்பவரால் 100-க்கும் மேற்பட்டோருக்கு நோய் பரவி, 5 பேர் இறந்ததாகச் சொல்லப்பட்டது. ‘டைபாய்டு டோனி’ என்ற பெயர் ஏனோ நிலைக்கவில்லை. நியூயார்க்கில் இப்படி நூற்றுக்கணக்கானோர் அடையாளம் காணப்பட்டும், மேரியைப் போல இத்தனை வருஷம் யாரையும் அடைத்து வைக்கவில்லை.

தீவு மருத்துவமனையின் லேபிலேயே பின்னாளில் உதவியாளராக வேலை பார்த்தார் மேரி. 1932-ல் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தவர், 1938 நவம்பர் 11 அன்று இறந்தார். இரண்டு முறையும் சேர்த்து சுமார் 26 ஆண்டுகள் தனிமை. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் 9 பேர்.