ஹெர்பர்ட் கத்ரி-ஸ்மித்

ஹெர்பர்ட் கத்ரி-ஸ்மித் (1862 - 1940) நியூசிலாந்தைச் சேர்ந்த செம்மறியாட்டுப் பண்ணையாளரும், இயற்கையியலாளரும், எழுத்தாளரும் ஆவார். கம்பளிக்காகத் தாம் நடத்திய பண்ணையில் நிலமும் செடிகொடிகளும் பறவைகளும் அடைந்த மாற்றங்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார். அப்பதிவுகளிலிருந்து உருவான டுட்டிரா (1921) என்னும் நூல், சூழலியல் வரலாற்றின் முன்னோடி நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

இளமைக்காலம்

இவர் ஸ்கொட்லாந்தின் ஹெலன்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் பயின்றார். 1880 இல் நியூசிலாந்து சென்று, தென் தீவில் உறவினர் ஒருவரின் பண்ணையில் ஆடு வளர்ப்பைக் கற்றார். 1882 இல் நண்பர் ஆர்தர் கனிங்காமுடன் சேர்ந்து, வட தீவின் ஹாக்ஸ் பே பகுதியிலுள்ள டுட்டிரா பண்ணையின் குத்தகை உரிமையை வாங்கினார். டுட்டிரா, நேப்பியர் நகருக்கு வடக்கே ஓர் ஏரியை ஒட்டி அமைந்துள்ளது. நிலத்தின் உரிமையாளர்கள் மாவோரி மக்கள் ஆவர்.

பண்ணை

டுட்டிரா, செங்குத்தான குன்றுகளும் மிகுந்த மழையும் கொண்ட பகுதியாகும். அதன் பெரும்பகுதியைப் பெரணிச் செடிகள் மூடியிருந்தன. மேய்ச்சலுக்குப் புல் தேவைப்பட்டதால், பெரணியைத் தீயிட்டு எரித்து, அந்நிலத்தில் அயல்நாட்டுப் புல் விதைகளைத் தூவினர். பின்னர் ஆடுகளை நெருக்கமாக மேய விட்டனர். புதிதாகத் துளிர்க்கும் பெரணிக் குருத்துகளை ஆடுகள் தின்றும் மிதித்தும் அழிக்க, புல் வேரூன்றியது. ஆனால் சத்தற்ற இவ்வுணவால் ஆடுகள் மெலிந்தன, பல இறந்தன. 1880களில் கம்பளி விலையும் வீழ்ச்சியுற்றிருந்தது. பண்ணை கடன்பட்டது, கனிங்காம் விலகினார். கத்ரி-ஸ்மித் தொடர்ந்து உழைத்துப் பண்ணையை இலாபகரமானதாக மாற்றினார்.

இயற்கை ஆய்வு

புல்வெளி பெருகியதால் உள்நாட்டுத் தாவரங்களின் இடம் சுருங்கியது. இம்மாற்றத்தைச் செய்தவரே அதை நுணுக்கமாகக் குறித்தும் வைத்தார் என்பது இவரது தனிச்சிறப்பு. எந்த அயல் களை எவ்வழியே பண்ணைக்குள் வந்தது, எந்தப் பறவை குறைந்தது, ஆடுகளின் நடமாட்டத்தால் குன்றுகளில் பாதைகள் எவ்வாறு உருவாயின, மழையில் மண் எவ்வாறு சரிந்தது என்பனவற்றை டுட்டிரா நூல் விரிவாகக் கூறுகின்றது. பறவைகள் பற்றியும் இவர் நூல்கள் எழுதியுள்ளார். 1936 இல் வெளிவந்த நூலில் ஓர் இயற்கையியலாளரின் துயரங்களையும் மகிழ்ச்சிகளையும் எழுதினார்.

பாதுகாப்பு முயற்சிகள்

பிற்காலத்தில் இவர் பண்ணையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, ஏறத்தாழ 2,000 ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். 1929 இல் டுட்டிரா ஏரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1938 ஏப்ரலில் ஹாக்ஸ் பேயில் பெய்த கடும் மழையில் காடற்ற குன்றுகள் பெருமளவு சரிந்தன. தமது நூலின் மூன்றாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தாம் அறுபது ஆண்டுகளாக மேம்பாடு என்று கருதிச் செய்தது உண்மையில் நிலத்துக்குச் செய்த கேடுதானோ என்ற ஐயத்தை எழுப்பினார். அப்பதிப்பு இவரது மறைவுக்குப் பின் 1953 இல் வெளிவந்தது.

மறைவுக்குப் பின்

எஞ்சிய நிலம் நியூசிலாந்து மக்களின் கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் உரியதாக ஓர் அறக்கட்டளையிடம் சேர்ந்தது. அங்கு பின்னர் மரத் தோட்டம் ஒன்றும் உருவாக்கப்பட்டது. எனினும் ஏரியைச் சுற்றி வேளாண்மை தொடர்ந்தது. 1950களுக்குப் பின் வானூர்தி மூலம் மேய்ச்சல் நிலங்களில் தூவப்பட்ட பாசுபேட்டு உரம் ஏரியில் கலந்ததால் பாசி பெருகி நீர் மாசடைந்தது. ஏரியின் அடிவண்டலை ஆராய்ந்த அறிவியலாளர்கள், காடு இருந்த காலத்தைவிட மேய்ச்சல் நிலமான பின் மண்ணரிப்பு பல மடங்கு கூடியதைக் கண்டறிந்தனர். கத்ரி-ஸ்மித் தம் கண்ணால் கண்டு எழுதியதை இம்முடிவு உறுதிப்படுத்தியது. செங்குத்தான சரிவுகளில் மேய்ச்சலைத் தவிர்த்து மரம் வளர்ப்பதும், நீர்நிலைகளின் கரைகளை வேலியிட்டுக் காப்பதும் பிற்காலத்தில் நியூசிலாந்துப் பண்ணைகளில் பின்பற்றப்படும் வழிமுறைகளாயின.