இடம் விட்டுக் கட்டிய ஹோமி பாபா



ஹோமி பாபா என்றதும் அணுசக்திதான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடத்திலேயே அதைப் படித்துவிட்டோம். நாட்டின் பெரிய உயிரியல் ஆராய்ச்சி வளாகம் ஒன்றுக்கு விதை போட்டவரும் அவரே என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. கட்டிட வேலையில் இருக்கிற எனக்கு அந்த பாபாவைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

1909 அக்டோபர் 30-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அத்தையின் கணவர் சர் தோராப்ஜி டாட்டா. பையன் கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்து ஜாம்ஷெட்பூர் இரும்பாலைக்கு வரணும் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. பையனுக்கோ இயற்பியல் மேல் ஆசை. முதல் வகுப்பு வாங்கினால் பிறகு இஷ்டப்பட்டதைப் படிக்கலாம் என்று அப்பா இறங்கி வந்தார். 1930-ல் முதல் வகுப்பு வந்தது. பையன் இயற்பியலுக்குப் போனார். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் பெயரெடுத்து, 31 வயதில் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

1939-ல் லீவுக்கு ஊர் வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. ராமன் இருந்த துறையில் சேர்ந்தார். 1944-ல் டாட்டா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தின் பலனாக அடுத்த வருஷமே டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. முதலில் பெங்களூர், அப்புறம் பம்பாய் பெடர் ரோட்டில் ஒரு பங்களா, 1949-ல் பழைய யாட் கிளப் கட்டிடம், கடைசியில் கொலாபா கடற்கரை. 1962 ஜனவரியில் சொந்தக் கட்டிடத்தை நேரு திறந்து வைத்தார். வளாகம் அமைக்கும்போது மரங்களை வெட்ட விடாமல், வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடச் சொன்னவர் பாபா.

புதுசாக ஒரு துறை தொடங்குவதென்றால் இத்தனை பதவி, இத்தனை அறை என்று காகிதத்தில் கட்டம் போடுவது நம் வழக்கம். பாபா அதைத் தலைகீழாகச் செய்தார். முதலில் ஆளைத் தேடுவார். நல்ல ஆள் கிடைத்தால் அவரைச் சுற்றித் துறை வளரட்டும் என்பார். லியோ சிலார்ட் என்ற விஞ்ஞானி ஒபைத் சித்திகி என்ற முப்பது வயது இளைஞரைப் பற்றிச் சொன்னதும், இயற்பியலும் கணிதமும் நடந்த இடத்தில் 1962-ல் மூலக்கூறு உயிரியல் பிரிவு தொடங்கியது. மறு வருஷம் வந்த கோவிந்த் ஸ்வரூப், 1970-ல் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை நிறுத்திக் காட்டினார்.

பாக்டீரியாவில் ஆரம்பித்த சித்திகி, எழுபதுகளில் பழ ஈயின் மோப்பத்துக்கும் ருசிக்கும் மாறினார். கொலாபாவிலிருந்து அந்தப் பிரிவு கிளைவிட்டு, தொண்ணூறுகளில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையமாக நின்றது. கட்டிடக்கலைஞர் ராஜ் ரேவல். பிறகு ஸ்டெம்செல் ஆய்வு நிறுவனமும் அதே வளாகத்தில் முளைத்தது. இதில் எதையும் பார்க்க பாபா இல்லை. 1966 ஜனவரி 24-ல் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதிய ஏர் இந்தியா விமானத்தோடு அவர் போய்விட்டார்.

இதே சிந்தனையைக் கான்கிரீட்டில் செய்தவர் லூயி கான். 1965-ல் கலிபோர்னியாவில் முடிந்த சால்க் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வுக்கூடங்களுக்கு நடுவே தூணே கிடையாது. ஒவ்வொரு ஆய்வுத் தளத்துக்கும் மேலே ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் குழாய்களுக்கென்றே தனித் தளம். ஆராய்ச்சி மாறினால் மேலே குழாயை மாற்றிக்கொள்ளலாம், கீழே வேலை நிற்காது.

பாபாவின் வழியில் ஒரு குறையும் உண்டு. ஆராய்ச்சி தனி நிறுவனங்களுக்குப் போய்விட, கல்லூரிகள் பாடம் நடத்துவதோடு நின்றுவிட்டன. பல்கலைக்கழகத்தில்தான் ஆராய்ச்சி வேர்விட வேண்டும் என்று மேக்நாத் சாஹா அன்றே வாதாடினார். நம்மைப் போன்ற கல்லூரிகள் அந்த நஷ்டத்தை இன்றும் சுமக்கின்றன.

இந்த வருஷம் நாம் கூடுவது ஐந்தருவியில். சாரல் நேரத்தில் அங்கே நின்று பாருங்கள். தண்ணீர் குறைந்தால் இரண்டு மூன்று கிளைதான் விழும். நிறைந்தால் ஐந்தும் விழும். வெள்ளம் வந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். பாறை வழியை மட்டும் விட்டிருக்கிறது, மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது.

பழைய மாணவர்கள் கூடினால் புதுக் கட்டிடப் பேச்சு வராமல் இருக்காது. நம் கல்லூரிக்கு ஒரு உயிரியல் ஆய்வகம் கட்டுவதானால் என் வேண்டுகோள் இதுதான்: சின்னதாகவே கட்டுவோம். நடுவில் சுவர் வைக்காமல், குழாய்க்கும் கேபிளுக்கும் இடம் விட்டு, பக்கத்தில் காலி மனை விட்டுக் கட்டுவோம். கல்வெட்டில் யார் பேர் என்று பேசுவதற்கு முன்னால் உள்ளே உட்காரப்போகிற ஆளைத் தேடுவோம். இந்த மலரைப் படிக்கிற தம்பி தங்கைகளில் ஒருத்தராகவே அவர் இருக்கலாம்.