கீரைச் சத்தும் புற்றுநோய் மருந்தும்

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895ல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. கதருக்குப் பேர்போன திருப்பூர், தாராபுரம் பக்கம்கூட இவரைப் பலருக்குத் தெரியாது.

சகோதரரை ஸ்புரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலம் கீரைகளில் இருக்கிறது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதன் அமைப்பைச் சற்றே மாற்றியது. புற்றுசெல் அதைச் சத்தென்று நம்பி ஏற்று, பெருக முடியாமல் முடங்கும். அப்படி வந்த மெத்தோட்ரெக்சேட் மார்பகப் புற்றையும் கட்டுப்படுத்துவதை 1951ல் டாக்டர் ஜேன் ரைட் காட்டினார்.

சுப்பாராவ் 1948லேயே, 53 வயதில், அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே இறந்திருந்தார்.