நீரைக் கட்டிப் போட்டவர்

வேலியில் படரும் கட்டுக்கொடி இலையைக் கசக்கி நீரில் பிழிந்து வைத்தால், சற்று நேரத்தில் நீர் கட்டிக்கொள்ளும். நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிறுமியருக்கு இது விளையாட்டு. இலைப்பசையின் நீண்ட இழைகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்துக்கொள்கின்றன. நீரை ஏந்தி நிற்கும் இத்தகைய கூழை ஹைட்ரோஜெல் என்பர். அச்சொல்லை ஆக்கியவர் தாமஸ் கிரகாம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1805-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் பிறந்தார். தந்தை வசதி படைத்த துணி உற்பத்தியாளர். மகன் திருச்சபைப் போதகராக வேண்டுமென்பது அவர் பிடிவாதம். மகனோ வேதியியலில் மனத்தைப் பறிகொடுத்தார். தந்தை பண உதவியை நிறுத்திவிட்டார். தாயும் சகோதரியும் மட்டுமே துணை நின்றனர். கிரகாம் பாடம் சொல்லிக்கொடுத்தும் கட்டுரை எழுதியும் காலம் தள்ளினார். எழுத்தால் கிடைத்த முதல் வருவாயில் அவ்விருவருக்கும் பரிசு வாங்கினாராம். பக்தியுள்ள அத்தந்தையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்திற்கும் ஓர் அழைத்தல் உண்டென்பதை அவர் எண்ணவில்லை போலும்.

1830-இல் கிளாஸ்கோவிலும் 1837-இல் இலண்டனிலும் பேராசிரியரானார். மேனிலை வகுப்பு மாணவியர் படிக்கும் வாயு விரவுதல் விதி இவருடையதே. பாடநூலில் அந்த ஒரு விதியாகவே அவர் சுருங்கிவிட்டது வருத்தந்தான்.

ஏனெனில், அவரது பெரும்பணி 1861-இல் வெளிவந்தது. மரப்பாலால் செய்த வளையமொன்றில், அமிலத்தால் பதப்படுத்திய காகிதத்தை இழுத்துக் கட்டினார். பார்வைக்கு நம் வீட்டுச் சல்லடைதான்! அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே கரைசல்களை ஊற்றினார். உப்பும் சர்க்கரையும் காகிதத்தைக் கடந்து தண்ணீரில் கலந்தன. பிசினும் ஸ்டார்ச்சும் உள்ளேயே நின்றன. நின்றவற்றைக் கூழ்மங்கள் என்றும், இவ்வாறு பிரிக்கும் முறையை டயாலிசிஸ் என்றும் அழைத்தார். சிறுநீரை ஊற்றியபோது யூரியா பிரிந்து வெளியேறிற்று. 1943-இல் ஹாலந்து மருத்துவர் கோல்ஃப், மரக்கூழிலிருந்து செய்த செல்லோஃபேன் குழாயினால் செயற்கைச் சிறுநீரகம் அமைத்தார். வேலை செய்தது கிரகாமின் அதே தத்துவந்தான்.

ஹைட்ரோஜெல் என்ற சொல்லை 1864-இல், சிலிக்காக் கூழை ஆராய்ந்தபோது கிரகாம் வழங்கினார். 1869-இல் மறைந்தார்.

சிறிதளவு வெப்பம் மாறினாலே சில கூழ்கள் பன்மடங்கு சுருங்கி விரிவதை 1978-இல் டோயோயிச்சி தனாகா என்ற ஜப்பானிய அறிஞர் காட்டினார். சூழலை உணரும் இத்தகைய கூழ்களை இன்று தாவரங்களிலிருந்தே செய்ய முயல்கின்றனர். பருத்தி செல்லுலோஸ், கடற்பாசிப் பசை, கல்வராயன் மலையில் உலுக்கும் புளியின் கொட்டையிலுள்ள பசை ஆகியன அதற்கு உதவும். கூழில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். அதை விரல் மூட்டில் ஒட்டி விரலை மடக்கினால், கூழ் நீண்டு மெலிகிறது, மின்தடை ஏறுகிறது. அந்த ஏற்றத்தைக் கொண்டு மூட்டு எவ்வளவு மடங்கிற்றெனக் கருவி கணக்கிட்டுவிடும். வளையாத உலோகத் தகடு இப்படித் தோலோடு ஒட்டி அசையுமா? ஆனால் காற்றுப் பட்டால் கூழின் நீர் வற்றிவிடுகிறது. அதைத் தடுக்கக் கிளிசரின் சேர்த்துப் பார்க்கிறார்கள்.