பாஸ்டர் விட்டுவிடாத மூன்று கிராம்

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் எனக்கு அவரை நெருக்கமாக்கியது, சர்க்கரைக் கரைசலில் அவர் கண்டுபிடித்த கொஞ்சம் கிளிசரால்.

1822இல் பிரான்சின் டோல் நகரில், தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தார் பாஸ்டர். 1854இல் லில் நகரில் அறிவியல் புலத் தலைவரானார். ஈராண்டுக்குப் பின் ஒரு மாணவரின் தந்தை அவரிடம் உதவி கேட்டு வந்தார். பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் அவரது ஆலையில் நொதித்தல் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. பாஸ்டர் ஆலைக்கே போய், சாற்றை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்.

அன்று லீபிக் போன்ற பெரும் வேதியியலாளர்கள் நொதித்தலை வெறும் சிதைவு என்றே கருதினார்கள். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது என்பது அக்காலக் கணக்கு. 1857இல் பாரிஸ் சென்ற பாஸ்டர், கூரைக்கு அடியில் இருந்த சிற்றறைகளில் சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் அமைத்து அதைச் சரிபார்த்தார். கணக்கு உதைத்தது. 100 கிராம் சர்க்கரைக்குச் சுமார் 3 கிராம் கிளிசரால் வந்தது. சிறிது சக்சினிக் அமிலமும் வந்தது. இன்னும் கொஞ்சம் ஈஸ்ட்டின் உடலிலேயே சேர்ந்திருந்தது. ஈஸ்ட் உயிருள்ளது, சர்க்கரையை உண்டு வளர்கிறது என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

1859இல் அவருடைய மூத்த மகள் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். மறு ஆண்டே ஆல்கஹால் நொதித்தல் பற்றிய அவரது விரிவான ஆய்வறிக்கை வெளிவந்தது. 1868இல் பக்கவாதம் இடப்பக்கத்தைத் தாக்கியபோதும் அவர் ஆய்வை விடவில்லை. 1895இல் மறைந்தார்.

அன்று ஈஸ்ட் உண்டாக்கிய கிளிசரால், இன்று வேறொரு ஈஸ்ட்டுக்குத் தீனியாகிறது. செம்பனை எண்ணெயிலிருந்து 10 கிலோ பயோடீசல் தயாரித்தால், சுமார் 1 கிலோ கிளிசரால் மிஞ்சும். மெத்தனாலும் சவர்க்காரமும் உப்பும் கலந்த அதைச் சுத்திகரிக்கச் செலவு அதிகம். யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட்டை அந்தக் கழிவிலேயே வளர்க்க முடியும். நைட்ரஜனைக் குறைத்தால் அது பெருகுவதை நிறுத்தி, உண்டதைக் கொழுப்பாகச் சேமிக்கும். அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் சேரக்கூடும். அதை மீண்டும் பயோடீசலாக்கலாம். ஆனால் காற்றூட்டவும், செல்லை உடைத்து எண்ணெயைப் பிரிக்கவும் ஆகும் செலவு இன்னும் பெரிய தடை.

அந்தத் தடையை உடைக்கும் வேலை நம் தலைமுறைக்குக் காத்திருக்கிறது. பாடநூல் விடைக்கும் உங்கள் சோதனை முடிவுக்கும் சில கிராம் வித்தியாசம் வந்தால், அதை அழித்துத் திருத்தும் முன் ஏன் வந்தது என்று பாருங்கள். பாஸ்டர் அப்படித்தான் பார்த்தார்.