தங்கையின் சாவில் பிறந்த மருத்துவமனை



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையை இந்த மாதம் நான்தான் எழுதுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் என் பெரியம்மா.

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரியம்மா பால்மரம் வெட்டியவங்க. மாதவிலக்கு நின்று நாலைந்து வருடம் கழித்து மறுபடியும் ரத்தம் பட்டது. உடம்புச் சூடுன்னு நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடிச்சாங்க. தோட்டத்து டிரசர் ஆம்பளை, அவரிடம் இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு வெட்கம். எங்களிடமும் வாய் திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. அந்த வருடத் தீபாவளிக்கு அவங்க இல்லை.

இதுபோல ஒரு சாவு முத்துலட்சுமி அம்மையாரின் வீட்டிலும் நடந்தது. ஆனால் அவர் அழுததோடு நிற்கவில்லை.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். அந்தப் பிறப்பைச் சொல்லியே ஊர் ஏளனம் செய்தது. பையன்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேருவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். நம் முன்னோர் கப்பலேறி வந்து மலாயாவில் ரப்பர்க் காடு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்ணே அன்று அபூர்வம்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அதன்பின் அவர் தங்கைக்கு உடம்பு முடியாமல் போனது. முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. நோயை நேரத்தில் கண்டுபிடிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அன்று அவர் மனதில் விழுந்தது.

1925-ல் இங்கிலாந்து போய்ப் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேலே படித்தார். திரும்பி வந்ததும் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். சமயத்தின் பெயரால் பெண்ணைச் சீரழிக்கக் கூடாது என்பதே அவர் வாதம். அந்தச் சட்டம் முழுமையாக வர 1947 ஆகிவிட்டது. இதற்கிடையில் 1930-ல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கட்டினார்.

இவ்வளவுக்கும் நடுவே தங்கையை அவர் மறக்கவில்லை. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குச் செலவு என்று நினைத்தவர்களே அதிகம். 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்ட ஆரம்பித்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அம்மையாருக்கு அப்போது வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பொறுப்பேற்றார். மறுவருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்து, 2021-ல் கண்மூடும்வரை அங்கேயே உழைத்தார். 1968 ஜூலை 22-ல் முத்துலட்சுமி அம்மையார் மறைந்தார்.

அந்த மருத்துவமனை 1980-களில் சென்னையின் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது எது தெரியுமா? பெரியம்மாவைக் கொண்டுபோன அதே கருப்பை வாய்ப் புற்றுநோய்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வருமுன்னே கண்டுபிடிக்கக்கூடிய புற்றுநோய் இது. பெரும்பாலும் எச்பிவி என்ற கிருமிதான் காரணம். அது உடம்பில் தங்கிவிட்டால் கருப்பை வாயின் செல்கள் மெல்ல மெல்ல மாறும். புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பத்து வருடம், அதற்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் வலி இருக்காது, ரத்தம் இருக்காது. பாப் ஸ்மியர் சோதனையில் சிறு தூரிகையால் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். சந்தேகம் இருந்தால் காடி போன்ற அமிலத்தைத் தடவி, பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். மாறிப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். அதில் ஒரு துளி சதை எடுத்துச் சோதித்துத்தான் முடிவு சொல்வார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றால் அந்த இடத்தை மட்டும் நீக்கினால் போதும். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

இது ஏட்டுப் படிப்பு இல்லை. பெரியம்மா போனபிறகு அம்மாவை வற்புறுத்தி அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எனக்கு ஒண்ணுமில்லைடீன்னு வழி முழுக்கத் திட்டிக்கிட்டே வந்தாங்க. செல்கள் மாறியிருப்பதாக முடிவு வந்தது. அந்த இடத்தை நீக்கினார்கள், அன்றே வீட்டுக்கு வந்துட்டாங்க. இந்த வருடம் மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை கோயிலில் எனக்கு முன்னால் நடந்துபோனாங்க. பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் நேரத்தோடு போனார், ஒருவர் போகவில்லை.

தம்பிகளே, இது பொம்பளைங்க விஷயம்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. கிளினிக்குக்கு மோட்டாரில் கொண்டுபோய் விடுவது நீங்கள்தானே! தங்கைகளே, 13 வயதில் பள்ளியில் போடும் எச்பிவி தடுப்பூசியைத் தவறவிடாதீங்க. நம் நாட்டில் அது 2010-லிருந்து இலவசம். ஊசி போட்டிருந்தாலும் பிற்காலத்தில் சோதனை வேண்டும். வீட்டில் 30-லிருந்து 65 வயதுக்குள் திருமணமான பெண்கள் இருந்தால் கேளுங்க, கடைசியாக எப்போது பார்த்தீங்கன்னு. தள்ளிப் பரிசோதிக்க வெட்கம் என்றால், மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கும் எச்பிவி சோதனையும் இப்போது வந்திருக்கிறது. மாதவிலக்கு நின்றபிறகு ரத்தம் பட்டால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகப் பார்த்தவர்கள் நம் சித்தர்கள். கோயிலில் விரிசல் விட்டால் வெட்கப்பட்டு மூடிவைப்போமா?

அம்மையார் தங்கைக்காக ஒரு மருத்துவமனையே கட்டினார். நாம் அம்மாவை ஒரு நாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் போதும்.