ஆனந்திபாய் ஜோஷி

மராட்டிய நாட்டின் கல்யாண் என்னும் ஊரில் 1865ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் யமுனா என்னும் பெண் குழந்தை பிறந்தது. அக்கால வழக்கப்படி ஒன்பதாம் வயதில் அவளுக்குத் திருமணம் நடந்தது. கணவர் கோபாலராவ் ஜோஷி அஞ்சல் துறை எழுத்தர். அவளைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். மணமானபின் யமுனா, ஆனந்தி ஆனாள்.

பெண்கள் கல்வி கற்பதை ஊரார் ஏளனம் செய்த அந்நாளில், கோபாலராவ் தம் மனைவிக்குத் தாமே ஆசிரியரானார். அவர் கண்டிப்பு மிக்கவர். பாடத்தை விட்டுவிட்டு அடுக்களையில் நின்றால் சினம் கொள்வார், அடிக்கவும் செய்வார். கல்வியைத் தந்த கையே காயத்தையும் தந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பதினான்காம் வயதில் ஆனந்தி ஓர் ஆண் மகவை ஈன்றார். தக்க மருத்துவ உதவி கிடைக்காமையால் அம்மகவு பத்து நாள்களே உயிர் வாழ்ந்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணிய பெண்கள், நோயைச் சொல்லாமலே மடிந்த காலம் அது. தாமே மருத்துவராக வேண்டும் என்னும் உறுதி இத்துயரத்தில்தான் ஆனந்தியின் உள்ளத்தில் வேரூன்றியது.

மனைவியை அமெரிக்காவில் படிக்கவைக்க விரும்பிய கோபாலராவ், 1880இல் பாதிரியார் ஒருவருக்கு மடல் எழுதினார். அது ஓர் அமெரிக்க இதழில் அச்சாயிற்று. நியூ ஜெர்சி மாநிலத்து ரோசெல் நகரைச் சேர்ந்த தியோடீசியா கார்ப்பென்டர் என்னும் அம்மையார், பல் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது தற்செயலாக அதனைப் படித்தார். உடனே ஆனந்திக்கு எழுதினார். முகம் காணாத இருவரிடையே அத்தை மருமகள் போன்ற பாசம் வளர்ந்தது.

கல்கத்தாவில் வாழ்ந்த நாள்களில் ஆனந்தியைத் தலைவலியும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வாட்டின. கார்ப்பென்டர் அம்மையார் கடல் கடந்து மருந்து அனுப்பியும் பயனில்லை. உடல் இவ்வாறு தளர்ந்திருந்த போதிலும் மனம் தளரவில்லை. கடல் கடப்பதைப் பழித்தவர்களுக்கு முன்னிலையில், 1883இல் செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் எழுந்து நின்று, இந்தியாவுக்குப் பெண் மருத்துவர்கள் ஏன் தேவை என்பதை விளக்கிப் பேசினார். தம் நகைகளை விற்றுப் பயணத்துக்குப் பொருள் சேர்த்தார். அவ்வாண்டு ஏப்ரலில் கணவர் துணையின்றிக் கப்பலேறி, ஜூனில் நியூயார்க் சேர்ந்தார்.

பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி அவருக்கு இடமளித்தது. கல்லூரித் தலைவர் ரேச்சல் பாட்லி அவரிடம் அன்பு காட்டினார். ஆயினும் அந்நாட்டுக் கடுங்குளிருக்கு அவர் உடுத்திய புடவை போதவில்லை. தங்கியிருந்த அறையின் கணப்பில் தீ மூட்டினால் புகை சூழும். மூட்டாவிடில் குளிர் நடுக்கும். மரக்கறி உணவையே உண்பது என்னும் நெறியை அவர் கைவிடவில்லை. அங்கோ அத்தகைய உணவு எளிதில் கிடைக்கவில்லை. படிப்பின் பளுவும் தனிமையும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. காசநோய் அவரைப் பற்றியது.

உடல், உள்ளம், சமுதாயம் ஆகிய மூன்றும் நன்றாக இருப்பதே நலம் என உலக நலவாழ்வு அமைப்பு 1948இல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தில் கூறியது. உறுதியான உள்ளம் ஆனந்தியிடம் இருந்தது. தாய்போல் அன்பு காட்டும் தோழமையும் வாய்த்தது. உணவும் உறைவிடமும் உடலுக்கு வேண்டிய ஓய்வும்தாம் வாய்க்கவில்லை.

1886 மார்ச் 11ஆம் நாள் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இந்துக்களிடையே மகப்பேற்று மருத்துவம் என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். பண்டித ரமாபாய் அவ்விழாவுக்கு வந்திருந்தார்; விக்டோரியா அரசியார் வாழ்த்து அனுப்பினார். அதே ஆண்டில் வங்கத்தின் காதம்பினி கங்குலியும் கல்கத்தாவில் மருத்துவத் தகுதி பெற்றார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கோலாப்பூர் அரசு, ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையின் பெண்கள் பகுதியை ஆனந்தியின் பொறுப்பில் ஒப்படைத்தது. 1886இன் இறுதியில் அவர் தாயகம் திரும்பினார். முன்பு இகழ்ந்தவர்களும் வரவேற்றனர். ஆனால் நோய் முற்றியிருந்தது. எம்மருந்தும் பயன் தரவில்லை. கோலாப்பூர்ப் பணியை ஏற்காமலே, 1887 பிப்ரவரி 26ஆம் நாள் புனேயில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை.

அவருடைய சாம்பல் கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்துப் போகீப்சி நகரில், அக்குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே, ஆனந்திபாயின் பெயர் பொறித்த கல் ஒன்று இன்றும் நிற்கிறது.